மிதிக்க ஒரு கால்

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் வாடகைக்கு ஓடின ஒரே கார் காஜா மைதீனுடையது. ஐம்பத்தொன்றாம் வருஷத்து மாரிஸ் மைனர். ஜமால் முகம்மது மரைக்காயர் குடும்பத்தோடு மெட்ராஸ் மண்ணடிக்குக் குடிபோனபோது, பதினேழு வருஷம் தன்னிடம் டிரைவராக இருந்தவருக்கே அந்தக் காரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஊரில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யாரைப் பாம்பு கடித்தாலும், பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் கார்தான். நாலு பேர் உட்கார வேண்டிய வண்டியில் எட்டுப் பேர் ஏறுவார்கள். காஜா மைதீன் ஒன்றும் சொல்லமாட்டார். கூட்டமாக இருந்தால்தான் அவருக்கு வண்டி ஓட்டவே பிடிக்கும்.

எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதம் அவர் மனைவி சுராயா இறந்துபோனாள். ஒரே மகள் மஸூதா கல்யாணமாகி மெட்ராஸில் இருந்தாள். வீட்டில் அவர் ஒருவர்தான். பகல் முழுக்க வண்டியை ஓட்டிவிட்டு இருட்டினபிறகு வந்து படுத்துக்கொண்டால் வீடு அவ்வளவாகத் தெரியவில்லை. சவாரி இல்லாத நாளில்தான் கஷ்டம். அடுப்படியில் சுராயா கவிழ்த்துவைத்த சட்டி கவிழ்ந்தபடியே இருக்கும். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே வந்த சவாரியையெல்லாம் ஒத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு நாள் பிரேக் பெடல் கொஞ்சம் அதிகமாக உள்ளே போனதுபோல் காலுக்குத் தெரிந்தது. அந்தக் காரில் பிரேக் ஆயில் ஊற்றுகிற இடம் டிரைவர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கும். மிதியடியைத் தூக்கி, மூடியைத் திருகிப் பார்த்தார். ஆயில் இறங்கியிருந்தது. ஊற்றி மூடினார். மறுநாளும் இறங்கியிருந்தது. உப்புக்காற்று அரித்து எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வண்டியை நிறுத்திப் பிரித்துப் பார்க்க இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் வீட்டில் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடியும் ஆயில் ஊற்றினார்.

வியாழக்கிழமை காலை ஒரு வாத்தியாரையும் அவருடைய தாயாரையும் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போனார். திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தில் ஒரு மாட்டுவண்டி சடாரென்று குறுக்கே திரும்பியது. காஜா மைதீன் பிரேக்கை மிதித்தார். கால் தரைவரைக்கும் போய் இடித்தது. கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டே இடது பக்கம் ஒடித்தார். அங்கே மீன்காரப் பெண்கள் நாலைந்து பேர் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். கூச்சல் கேட்டு மற்றவர்கள் சிதறி ஓட, தலையில் கூடை இருந்ததால் இருசம்மாள் மட்டும் திரும்பிப் பார்க்க முடியாமல் நின்றுவிட்டாள். பம்பருக்கும் மைல்கல்லுக்கும் நடுவில் அவளுடைய வலது கால் மாட்டிக்கொண்டது.

இருசம்மாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கோட்டைக்குப்பத்துக்காரி. புருஷன் ஏரியில் வலைக்குப் போய் இறந்துவிட, மீன் விற்று ஒரு பெண்ணை வளர்த்துக்கொண்டிருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒடிந்த எலும்பு கோணலாகக் கூடியது. ஐந்து மாதம் கழித்து எழுந்து நடந்தபோது வலது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டிருந்தது. குதிகால் தரையில் படாது. முன்விரல்களை ஊன்றித்தான் நடந்தாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து காரைப் பார்த்துவிட்டு, குழாய் துருப்பிடித்து வெடித்திருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். பொன்னேரி கோர்ட்டில் மாஜிஸ்திரேட் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிரேக் சரியில்லைன்னு உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா."

கூண்டுக்குக் கீழே பெஞ்சில், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு இருசம்மாள் உட்கார்ந்திருந்தாள். காஜா மைதீன் அவள் பக்கம் திரும்பவில்லை. அபராதம் போட்டு, லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு முடக்கினார்கள். அதோடு கேஸ் முடிந்தது.

ஒரு வருஷம் கழித்து லைசென்ஸ் திரும்பி வந்தது. குழாயை மாற்றிக் காரைத் துடைத்துக் கடைத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். யாரும் ஏறவில்லை. அவரை ஒருவரும் திட்டவில்லை. சலாம் சொன்னால் பதில் சலாம் சொன்னார்கள். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பேசி முடித்து எழுந்துபோய், எதிரே நின்ற காரைத் தாண்டி, இரண்டு மணி நேரம் வராத பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். "பாய் வண்டியா? வேணாம்பா" என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் மெதுவாகச் சொன்னது ஒருநாள் அவர் காதில் விழுந்தது.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம், குப்பத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வைக்கோல்மேல் ஒரு சின்னப்பெண் பிரசவ வலியில் புரண்டுகொண்டிருந்தாள். காஜா மைதீன் அவசரமாக எழுந்து காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிக்குப் பக்கத்தில் நடந்துவந்த அவளுடைய புருஷன் அவரைப் பார்த்தான், காரைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு மாட்டை முடுக்கினான். வண்டி கடந்துபோனது. திறந்த கதவைப் பிடித்தபடி அவர் நெடுநேரம் நின்றார். அந்தப் பெண் காட்டூரைத் தாண்டுவதற்குள் வண்டியிலேயே இறந்துவிட்டாள் என்று மறுநாள் கேள்விப்பட்டார்.

அதற்குப் பிறகு கார் கடைத்தெருவுக்குப் போகவில்லை. வீட்டை ஒட்டித் தகரம் போட்ட கொட்டகையில் கிடந்தது. இறால் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று ஏரிக்கரையில் கொட்டகை போட்டிருந்தது. அங்கே ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனார். மஸூதா கடிதம் எழுதினாள்: "வாப்பா, அந்தக் காரை எடைக்குப் போட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள். எங்களுக்கும் துணையாக இருக்கும்." பார்க்கலாம் என்று பதில் எழுதினார். மூன்று கடிதத்துக்கும் அதே பதில்தான். தன் வீட்டுக் கொட்டகையில் அது நிற்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. விற்றுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. கோர்ட்டில் சொன்ன ஒரு வார்த்தை அந்தக் காரோடு சேர்ந்து கொட்டகையில் கிடப்பதுபோல் இருந்தது.

ஒருநாள் ஏரியைப் பார்க்க மெட்ராஸிலிருந்து யாரோ அதிகாரி அம்பாசடர் காரில் வந்தார். கடைத்தெருவில் ஒரு வெள்ளாடு குறுக்கே பாய்ந்தது. நல்ல வேகத்தில் வந்த கார் அப்படியே மூக்கைக் குத்தி நின்றது. ஆட்டுக்கும் பம்பருக்கும் ஒரு முழம் இடைவெளி. ஐஸ் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்த காஜா மைதீன், அதிகாரி இறங்கிப் போனபிறகு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சக்கரத்து ஓட்டை வழியாக உள்ளே இருந்த பிரேக் டிரம்மை எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், பூசை பண்றியா?" என்றான் அம்பாசடர் டிரைவர்.

"டிரம்மு எத்தினி அங்குலம்பா?"

"எட்டு. ஏன்?"

அவருடைய காரில் ஏழு அங்குலம். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் சக்கரத்தோடு சுற்றுகிற அந்த டிரம் பெரிதானால் அதை உள்ளேயிருந்து பிடிக்கிற ஷூவும் அகலம், உராய்கிற இடமும் அதிகம். எட்டுப் பேர் ஏறின மாரிஸை நிறுத்த அவர் எப்போதும் நூறடிக்கு முன்னாலேயே மிதிக்க ஆரம்பிப்பார். இத்தனை வருஷம் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். வெடித்த குழாயை மாற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வண்டியை மறுபடி பழையபடி ஆக்கினால் போதாது. பழையதைவிட நன்றாக நிற்க வேண்டும்.

அடுத்த விடுமுறை நாளில் பஸ்ஸும் ரயிலும் பிடித்து மெட்ராஸ் போனார். மகள் வீட்டுக்குப் போகாமல் நேரே புதுப்பேட்டைக்கு நடந்தார். பிரித்துப்போட்ட வண்டிகளின் உறுப்புகள் தெரு நெடுகக் குவிந்து கிடந்தன. நாலு நடை போய்த் தேடியதில், லாரியில் மோதிப் பின்பக்கம் நசுங்கின ஒரு அம்பாசடரின் முன்சக்கர பிரேக்குகள் முழுசாகக் கிடைத்தன. டிரம் இரண்டு, அதைத் தாங்குகிற தட்டு இரண்டு, ஷூக்கள், சிலிண்டர்கள். எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பொன்னேரியிலிருந்து வந்த பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா பாய் இது?" என்று கேட்டான். "பிரேக்கு" என்றார். அவன் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டான். காற்றுக்காகத்தான் போனானோ என்னவோ.

பொன்னேரியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த வேணு சாக்கைப் பிரித்துப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"இது உக்காராது பாய். உன் வண்டி போல்ட்டு ஓட்டை வேற, இது வேற. டிரம்முல சக்கரம் மாட்டுற ஓட்டையும் ஒத்துப்போவாது."

"உக்கார வெய்யி."

"பழைய ஷூவுக்கே புது லைனிங் அடிச்சிக்க. மலிவா முடியும்."

"அது வேணாம் வேணு. இதுதான் வேணும்."

வேணு சாக்கை இழுத்து லேத்துப் பக்கம் வைத்துக்கொண்டான். இரும்புத் தட்டில் ஒரு வளையம் கடைந்து, ஒரு பக்கம் மாரிஸின் அச்சுக்கும் மறுபக்கம் அம்பாசடர் தட்டுக்கும் பொருந்துகிறபடி ஓட்டை போட்டுக் கொடுத்தான். முதல் வளையம் அரைநூல் தள்ளிப்போய் டிரம் உரசியது. திரும்ப எடுத்துப்போனார். இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதில்தான் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. பெரிய சிலிண்டருக்கு ஆயில் அதிகம் வேண்டும் என்பதால், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் அம்பாசடருடையதாகவே தேடிப் பிடித்து மாட்டினார். ஆயில் பாத்திரத்தைக் காலடியில் வைக்காமல், எஞ்சினுக்குப் பக்கத்தில், பானெட்டைத் தூக்கினால் கண்ணில் படுகிற இடத்தில் பொருத்திக் குழாய் இழுத்தார். தினமும் பார்க்கலாம். குழாய்கள் எல்லாம் புதுசு. ஒவ்வொன்றுக்கும் ரெட் ஆக்ஸைடு அடித்து, காய்ந்தபின் கிரீஸ் தடவினார்.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஐஸ் கொட்டகையில் மத்தியானத்தோடு வேலை முடியும். வந்து குளித்து, ஒரு உலை வைத்து, சாப்பிட்டுவிட்டுக் காரடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அங்கே படுத்திருக்கும்போது வீட்டின் சத்தமின்மை அவ்வளவு உறைக்காது. ஸ்பானர்களைத் தேடும்போது "அந்தப் பதினேழாம் நம்பரு எங்க போச்சி" என்று வாய்விட்டுக் கேட்பார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் வாய்விட்டே சொல்லுகிற பழக்கம் வந்துவிட்டது.

எழுபத்தொன்பது மாசியில் எல்லாம் மாட்டி முடிந்தது. கடைசியாக ஒரே வேலைதான் மிச்சம். புதுசாகக் குழாய் மாட்டினால் அதற்குள் காற்று நிற்கும். காற்று இருந்தால் பெடல் பஞ்சுமாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஒருத்தர் மேலே உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை மிதித்து அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருத்தர் கீழே சக்கரத்தடியில் ஒரு நிப்பிளைத் திறந்தால் ஆயிலோடு காற்று குமிழ்குமிழாக வெளியே வரும். நிப்பிளை மூடியபிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். இப்படியே நாலு சக்கரத்துக்கும், தூரத்தில் இருப்பதிலிருந்து தொடங்கிக் கிட்டத்தில் இருப்பது வரைக்கும். மற்ற வேலையெல்லாம் ஒரு ஆளால் ஆகும். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஐஸ் கொட்டகையில் கூட வேலைசெய்த பெருமாளைக் கூப்பிட்டார். "வரேன் பாய்" என்றான். வரவில்லை. மறுபடி கேட்டார். "நாளைக்குக் கண்டிப்பா" என்றான். பக்கத்து வீட்டில் கேட்டார். மருமகன் வந்திருக்கிறான் என்றார்கள். அரை மணி நேர வேலை. ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள், காலும் இருக்கிறது. ஆனால் அந்தக் காரில் ஏறி உட்கார ஒருத்தருக்கும் மனசில்லை என்று அவருக்குப் புரிந்தது. உடைந்த துடுப்பு ஒன்றை வெட்டி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்தார். கீழே போய் நிப்பிளைத் திறந்ததும் கட்டை நழுவும், வந்த காற்று திரும்ப உள்ளே போகும். மூன்று நாள் இப்படியே.

நாலாம் நாள் வெயில் ஏறுகிற நேரம். காரடியில் படுத்துக்கொண்டு, "அமுத்து... அமுத்து... அப்பிடியே புடி, விட்டுறாத" என்று கட்டையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யார்கூட பேசினுகீற?"

படுத்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன. ஒன்று முழுதாகத் தரையில் பதிந்திருந்தது. மற்றது முன்விரல்களில் ஊன்றியிருந்தது. அவருக்கு முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்றரை வருஷமாக இருசம்மாள் அந்தத் தெருவுக்குள் மீன் விற்க வந்ததில்லை.

"யாருமில்ல" என்றார்.

"யாருமில்லாதவன்கிட்டயா விட்டுறாத, புடின்ற?"

வெளியே வந்து உட்கார்ந்தார். என்ன வேலை, ஏன் ஆள் வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் கூடையை இறக்கவில்லை. கொட்டகைக்குள் கழற்றிவைத்த சக்கரங்களையும், சீட்டுக்கு முன்னால் முட்டுக்கொடுத்த துடுப்பையும் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு வண்டியிலயே செத்துதே, அவ எங்க தெரு" என்றாள். பிறகு கூடையைச் சுவரோரம் நிழலில் இறக்கி, ஈரச்சாக்கை மேலே போட்டு மூடினாள். "சீக்கிரம் சொல்லு. மடவை மீனு கெட்டுப்பூடும். எந்தக் காலால மிதிக்கணும்?"

"எதாச்சும் ஒரு காலு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இருசம்மாள் அதுவரை காரில் உட்கார்ந்தவள் இல்லை. கதவைப் பிடித்து, இடுப்பை வளைத்து ஏறி, டிரைவர் சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். "ஓடிறாதே?"

"சக்கரமே இல்ல, எங்க ஓடும்?"

நடுவிலிருக்கிற பெடல் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் பின்பக்கம் இடது சக்கரத்தடிக்குப் போனார். அமுத்து என்றால் அமுத்தினாள், பிடி என்றால் பிடித்தாள். மூடிவிட்டு "விடு" என்கிறவரைக்கும் அசையவில்லை. படகில் வளர்ந்தவள். இழு, விடு என்பதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. பின்சக்கரம் இரண்டும் முடிந்தன. முன்பக்கம் இடது சக்கரத்துக்கு வந்தார். அமுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நிப்பிளைத் திறந்தார். சைக்கிள் வால்வ் ட்யூப் வழியாக ஆயில் குமிழிட்டுக்கொண்டு சீசாவில் இறங்கியது.

"பாய்."

"ம்."

"அன்னிக்குக் கோர்ட்டுல அவரு கேட்டாரே. தெரியாதுன்னு சொன்னியே. நெஜமாவே தெரியாதா?"

அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. அவர் முகம் அவளுக்குத் தெரிய வழியில்லை. ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றார்.

"எத்தினி நாளா?"

"நாலு நாளா."

பெடல் டக்கென்று மேலே எழுந்த சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கூடையைத் தூக்குகிற முனகல், பிறகு ஒரு காலும் அரைக் காலுமாக நடக்கிற ஓசை, தெருவில் தேய்ந்து போனது. காஜா மைதீன் எழுந்திருக்கவில்லை. நிப்பிளை மூட வேண்டும் என்பதும் நினைவில்லை. சொட்டுச்சொட்டாக ஆயில் முழுதும் இறங்கி, சீசா நிரம்பி, மண்ணில் வழிந்தது.

மூன்று நாள் அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை. யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தார். கோர்ட்டில் பொய் சொன்னாயா என்று குப்பத்து ஆண்கள் திரண்டு வந்தாலும் ஆச்சரியமில்லை. வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கொட்டகை வாசலில் இருசம்மாள் நின்றிருந்தாள். கூடை இல்லை.

"எத்தினி சக்கரம் பாக்கி?"

"நாலும்."

"ரெண்டு முடிச்சோமே."

"ஆயிலெல்லாம் வழிஞ்சி பூச்சி. மறுபடி மொதல்லேர்ந்து."

"சரி, போய்ப் படு."

ஒரு மணி நேரம் ஆயிற்று. அமுத்து, பிடி, விடு என்பதைத் தவிர இருவரும் எதுவும் பேசவில்லை. நாலாவது சக்கரம் முடிந்ததும் கடைசியாக ஒருமுறை அமுத்திப் பார்க்கச் சொன்னார். பெடல் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை.

"கல்லு மாரி கீது" என்றாள் இருசம்மாள். இறங்கி, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "உன்ன நான் மன்னிக்கல பாய்."

"நான் கேக்கலம்மா."

"கேக்காத."

மறுநாள் காஜா மைதீன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஆளில்லாத சவுக்குத்தோப்புச் சாலையில் போனார். வேகமாக ஓட்டி, ஒரு இடத்தில் மிதித்தார். கார் தலையைக் குனிந்து நின்றது. இன்னும் வேகமாகப் போய் இன்னொரு இடத்தில் மிதித்தார். அங்கேயும் நின்றது. பன்னிரண்டு தடவை அப்படி நிறுத்திப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்துச் சரி என்றார். காஜா மைதீன் காரைக் கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு வாரம் ஆகியும் யாரும் ஏறவில்லை. எட்டாம் நாள் காலை, டீக்கடையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, இருசம்மாள் தாங்கித்தாங்கி நடந்து வந்து கூடையைப் பின்சீட்டில் வைத்தாள். தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "பொன்னேரி மார்க்கெட்டு" என்றாள். வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரம் அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் ஏறினார்கள். சித்திரை முடிவதற்குள் பழையபடி எட்டுப் பேர் ஏறுகிற வண்டியாகிவிட்டது.

வண்டி நிறைந்ததே தவிர காஜா மைதீனுக்குப் பழைய நிம்மதி வரவில்லை. சவாரிக்காரர்கள் சிரித்துப் பேசும்போதெல்லாம், இவர்களுக்குத் தெரியுமோ, அவள் சொல்லியிருப்பாளோ என்று கண்ணாடியில் முகங்களைப் பார்ப்பார். அவள் சொல்லவில்லை. குப்பத்திலும் சொல்லவில்லை, மார்க்கெட்டிலும் சொல்லவில்லை. அவர் யார் என்பது முழுசாகத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அந்த ஒருத்தி அவரோடு பேசுவதில்லை. நாலு வருஷம் வாரத்துக்கு ஒருநாள் அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அன்றைக்குக் காலையில் மட்டும் அவர் காரைக் கொஞ்சம் கூடுதலாகத் துடைப்பார். எண்பத்து மூன்றில் மகளைக் கட்டிக்கொடுத்த காட்டூருக்கே இருசம்மாளும் போய்விட்டாள். போவதாக அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் வராமல் இருந்தபிறகு வேறு ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டார்.

எண்பத்தாறு புரட்டாசியில், சவாரிக்கு வந்த ஒருவன் பேச்சோடு பேச்சாக, காட்டூரில் இருசம்மாள் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்றான். அவனை இறக்கிவிட்ட கையோடு காஜா மைதீன் காட்டூருக்குப் போனார். எடுப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தார். கூட்டத்துக்குப் பின்னால் வேலியோரம் நின்றார். மகள் அழுதுகொண்டிருந்தாள். அவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. வண்டிக்காரர் என்று நினைத்து, எல்லாம் முடிந்ததும் ஒருவர் வந்து, "பாய், இவங்க நாலு பேரையும் பொன்னேரி ஸ்டேஷன்ல வுட்டுடேன்" என்று உறவுக்காரப் பெண்களைக் காட்டினார்.

முன்சீட்டில் முனியம்மாள் என்ற வயதானவள் உட்கார்ந்தாள். செத்தவளுக்குப் பெரியம்மா மகள். பின்னால் மூன்று பேர். கொஞ்சதூரம் போனதும் பேச்சு தொடங்கியது.

"காலு நல்லா இருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பா" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. "எவனோ கார்க்காரன் கெடுத்துட்டான்."

"அவன் இன்னா பண்ணுவான்? பிரேக்கு திடீர்னு புடிக்கலியாம். அவளே சொல்லிகிறா" என்றாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

"அந்தக் காரு இதுதான்" என்றார் காஜா மைதீன். "ஓட்டினது நான்தான். திடீர்னு இல்லம்மா. பிரேக்கு கெட்டுக்கெடந்தது நாலு நாளா எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டினேன். கோர்ட்டுல பொய் சொல்லிட்டேன்."

பின்னாலிருந்த ஒருத்தி, "நிறுத்து வண்டிய" என்றாள். நிறுத்தினார். மூன்று பேரும் இறங்கினார்கள். ஒருத்தி ரோட்டோரம் காறித் துப்பினாள். முனியம்மாள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"நீ எறங்கலியா?" என்றார் காஜா மைதீன்.

"இன்னும் ரெண்டு கல்லு கீது. எம் முட்டி நடக்குமா? நீ ஓட்டு."

ஓட்டினார். ரயில் தண்டவாளம் கண்ணில் பட்டபோது முனியம்மாள் கேட்டாள்: "அவளுக்குத் தெரியுமா, நீ சொன்னது?"

"தெரியும்."

"எங்ககிட்ட ஒருநாளும் சொல்லலியே."

"யார்கிட்டயும் சொல்லல."

"ஏனாம்?"

"தெரியலம்மா. நான் கேக்கல."

ஸ்டேஷன் வாசலில் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். ரயில் வருகிற மணி அடிக்கவே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் அந்த மூன்று பெண்களும் வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். காஜா மைதீன் வேகத்தைக் குறைத்து, ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரைச் சுற்றிக் கடந்து போனார்கள். அவர்கள் கண்ணுக்கு மறைகிறவரைக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்து, பானெட்டைத் தூக்கி ஆயில் மட்டத்தைப் பார்த்தார். அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் குப்பத்திலிருந்து ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தார்கள். பின்சீட்டைத் தட்டித் துடைத்து, மேலே ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டு, உலை வைக்கப் போனார்.